சாத்தனூர் மரமும் பிபிசி மைக்ரோவும்

அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுப் பரணைத் துழாவினால் பழைய அண்டா, கிழிந்த பாய் இவற்றோடு ஒரு 14 அங்குல டிவியும் அநேகமாக அகப்படும். தமிழக அரசு 2006 செப்டம்பரில் வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி அது. அடுத்த ஐந்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தட்டை டிவி வந்தபின் கூடத்தில் அதற்கு இடமில்லை. பழைய இரும்புக்காரரும் பிக்சர் டியூபுக்குப் பெரிதாக விலை சொல்வதில்லை.

அந்த டிவியின் மஞ்சள் நிற ஏவி சாக்கெட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையின் வீடியோ வயரைச் செருகி, பலகையில் பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை, அதாவது எமுலேட்டரை, ஓட்டினால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று வரும். அடுத்து 'பேசிக்'. அதற்குக் கீழே ஒரு '>' குறி, கட்டளைக்குக் காத்திருக்கும். பிரிட்டனில் 1981 டிசம்பரில் வெளியான ஒரு கணினி, அரசின் இலவச டிவியில் உயிர்பெற்று உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஜோடிப் பொருத்தம் வேடிக்கையாகத் தோன்றலாம். தொழில்நுட்பக் கணக்கில் பார்த்தால் இதைவிடச் சரியான திரை கிடைக்காது. பிரிட்டனும் இந்தியாவும் ஒரே 'பால்' முறை வண்ண ஒளிபரப்பைப் பின்பற்றிய நாடுகள்: 625 கோடுகள், நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும் படம். பிபிசி மைக்ரோவின் வீடியோ சுற்று அந்தக் கணக்குக்கென்றே கட்டப்பட்டது. இன்றைய எல்இடி டிவிகள் வரும் படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிவிட்டுத்தான் காட்டுகின்றன. அதற்குள் சில பத்து மில்லிநொடிகள் போய்விடும். படம் பார்ப்பவருக்கு அது தெரியாது. விளையாட்டில் குதிக்கும் விசையை அழுத்துபவருக்குத் தெரியும். பழைய டியூபில் அந்தத் தாமதமே கிடையாது.

பிபிசி மைக்ரோ இந்தியர்களுக்கு அந்நியமும் அல்ல. 1984-85 கல்வியாண்டில் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் நாடு முழுக்கச் சுமார் 250 பள்ளிகள். பின்னாளில் இரண்டாயிரத்துக்கும் மேல். அதற்குத் தேர்ந்தெடுத்த இயந்திரம், கேம்பிரிட்ஜ் நகரின் ஏகார்ன் நிறுவனம் தயாரித்த இதே பிபிசி மைக்ரோ. பஞ்சாபின் மொகாலியில் இருந்த பொதுத்துறை நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் லிமிடெட் அதை 'எஸ்சிஎல் யூனிகார்ன்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை 1989 பிப்ரவரியில் தீயில் அழிந்தது, இந்திய மின்னணுத் துறை இன்றும் நினைத்து வருந்தும் தனிக்கதை.

அன்றைக்குப் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் வட்டங்கள். பள்ளிக்கு ஒருசில கணினி, அதுவும் நாட்டில் சில நூறு பள்ளிகளுக்கு மட்டும் என்ற கணக்கில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விசைப்பலகையைத் தொடுவது பெரிய அதிர்ஷ்டம். இன்று அதே இயந்திரத்தை அவனுடைய பேத்தி வீட்டில் வைத்து நாள் முழுக்க நோண்டலாம். எப்படி என்பதுதான் விஷயம்.

ஒரு கணினியை இன்னொரு கணினிக்குள் நடத்துவதன் அடிப்படை, சொல்லப்போனால் ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிமையானது. பிபிசி மைக்ரோவின் மூளை 6502 என்ற எட்டு பிட் செயலி. 1975இல் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 25 டாலருக்கு விற்று, சில்லுச் சந்தையையே கலக்கிய சரக்கு. உள்ளே சுமார் மூவாயிரத்து ஐந்நூறு டிரான்சிஸ்டர்கள்தான். அதற்குத் தெரிந்த கட்டளைகள் 56. முகவரி கொடுக்கும் விதங்களையும் சேர்த்து எண்ணினால் 151 குறியெண்கள். அது நினைவில் வைத்துக்கொள்ளும் இடங்களோ கைவிரலுக்குள் அடங்கும்: ஏ, எக்ஸ், ஒய் என்ற மூன்று பதிவகங்கள், அடுக்கின் உச்சியைக் காட்டும் ஒன்று, நிலைக்கொடிகள் ஒன்று, அடுத்த கட்டளை எங்கே என்று சொல்லும் ஒன்று.

எமுலேட்டர் எழுதுபவர் இந்த ஆறையும் ஆறு மாறிகளாக வைத்துக்கொள்கிறார். 65,536 பைட் கொண்ட ஒரு பட்டியலை நினைவகம் என்று அறிவிக்கிறார். அதன் மேல் பாதியில் பழைய கணினியின் ஆர்ஓஎம் என்ற அழியாத நினைவகச் சில்லுகளிலிருந்து படித்தெடுத்த இயக்கநிரலையும் பேசிக் மொழியையும், தலைக்கு 16 கிலோபைட்டாக, ஏற்றிவிடுகிறார். பிறகு ஒரே சுழற்சி: அடுத்த எண்ணை எடு, என்ன கட்டளை என்று பார், சொன்னதைச் செய், திரும்பவும் எடு.

169, 65, 141, 0, 124 என்ற ஐந்து எண்கள் நினைவகத்தில் வரிசையாக இருக்கின்றன என்று வையுங்கள். 169 என்றால் 'அடுத்துள்ள எண்ணை ஏ பதிவகத்தில் ஏற்று'. அடுத்துள்ளது 65, ஆங்கில எழுத்து 'ஏ'வுக்கான குறியீடு. 141 என்றால் 'பதிவகத்தில் உள்ளதை இந்த முகவரியில் எழுது'. முகவரி 0, 124. இரண்டாவதை 256ஆல் பெருக்கிக் கூட்டினால் 31,744. பிபிசி மைக்ரோவின் ஏழாம் காட்சிமுறையில் திரையின் இடது மேல் மூலை அந்த முகவரியில்தான் தொடங்குகிறது. ஆக ஐந்து எண்களில் திரையில் ஒரு எழுத்து வந்துவிட்டது. உண்மையான இயந்திரத்தில் இதற்கு ஆறு கடிகாரத் துடிப்பு, அதாவது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு ஆகும்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் நடப்பது உடனே பிடிபடும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் உலகுக்குச் சொன்ன அந்த 18 மீட்டர் அடிமரம் சுமார் 12 கோடி ஆண்டு பழையது. கடல் வண்டலில் புதைந்த மரத்தின் திசுக்களில் சிலிக்கா கலந்த நீர் புகுந்து, மரப்பொருள் இருந்த இடத்தைக் கனிமம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது. இன்று அது கல். வடிவமும் அமைப்பும் மட்டும் மரம். எமுலேட்டரும் இப்படித்தான் சிலிக்கான் சுற்றுகளை ஒவ்வொன்றாக நிரல்வரிகளால் மாற்றீடு செய்கிறது. ஒப்புமை ஓரிடத்தில் உதைக்கும்: கல்மரம் துளிர்க்காது, எமுலேட்டர் வேலை செய்யும்.

மூளையை நகலெடுப்பது ஒரு வார இறுதி வேலை. கல்லூரி மாணவர்கள் பலர் பொழுதுபோக்காகச் செய்திருக்கிறார்கள். உயிரை வாங்குவது மூளையைச் சுற்றியுள்ள மற்ற சில்லுகள். 6502க்கு வெளியுலகத் தொடர்பு எல்லாமே நினைவக முகவரிகள் வழியாகத்தான். பிபிசி மைக்ரோவில் 64,512இலிருந்து தொடங்கும் மூன்று பக்கங்கள் நினைவகமாக இல்லாமல் கருவிகளுக்கான வாசல்களாக ஒதுக்கப்பட்டவை. வடிவமைத்தவர்கள் அவற்றுக்கு ஃப்ரெட், ஜிம், ஷீலா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஷீலாவின் ஒரு முகவரியில் எழுதினால் ஒலிச் சில்லு கூவும். இன்னொன்றில் எழுதினால் திரையின் முறை மாறும். ஒவ்வொரு வாசலுக்குப் பின்னும் எந்தச் சில்லு, அது எத்தனை துடிப்புக்குப் பிறகு பதில் சொல்லும் என்பதுவரை நிரலில் எழுதியாக வேண்டும்.

காலக்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 'எலைட்' என்ற விளையாட்டே போதும். டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதி 1984இல் வெளிவந்தது. விண்கலத்தில் ஏறி, கோளுக்குக் கோள் சரக்கு விற்று, கொள்ளையரைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். இருவருக்கும் ஒரு சிக்கல்: விண்வெளிக் காட்சிக்கு நுணுக்கமான கோடுகள் வேண்டும், கீழே உள்ள கருவிப் பலகைக்கு வண்ணங்கள் வேண்டும். பிபிசி மைக்ரோவின் ஒரு காட்சிமுறை நுணுக்கம் தரும், வண்ணம் இரண்டே. இன்னொரு முறை நான்கு வண்ணம் தரும், புள்ளிகள் பெரியவை. இரண்டையும் ஒரே திரையில் காட்ட நேர்வழி இல்லை. அவர்கள் டியூபின் மின்கற்றை திரையில் மேலிருந்து கீழாக வரைந்துகொண்டே வருகையில், குறிப்பிட்ட கோட்டை எட்டும் கணத்தில் ஒரு டைமரை ஒலிக்கவைத்து, பாதிப் படத்தில் காட்சிமுறையை மாற்றிவிட்டார்கள். நொடிக்கு ஐம்பது தடவை இந்தத் திருட்டு நடக்கிறது. எமுலேட்டரின் டைமர் சில கோடுகள் பிசகினால் கருவிப் பலகை வண்ணக் குப்பையாகிவிடும்.

அதனால் நல்ல எமுலேட்டர்கள் துடிப்பு துடிப்பாக எண்ணுகின்றன. பிபிசி மைக்ரோ நொடிக்கு 20 லட்சம் துடிப்பில் ஓடியது. ஒரு படத்துக்கு 40,000. எமுலேட்டர் 40,000 துடிப்புக்கான வேலையை முடித்து, படத்தைத் திரைக்கு அனுப்பிவிட்டு, ஐம்பதில் ஒரு நொடி ஆகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நிற்காவிட்டால் விண்கலம் கண்ணிமைக்கும் நேரத்தில் நொறுங்கிவிடும்.

துல்லியத்தில் இன்னும் ஆழமாக இறங்கியவர்களும் உண்டு. 256 சாத்தியக் குறியெண்களில் 151 போக மிஞ்சும் 105க்கும் 6502 ஏதோ ஒன்றைச் செய்யும். கையேட்டில் இல்லாத அந்தச் செயல்களை நிரலாளர்கள் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார்கள், எனவே எமுலேட்டருக்கும் அவை தெரிந்திருக்க வேண்டும். 2010இல் 'விஷுவல் 6502' என்ற குழு சில்லின் மேலுறையை அமிலத்தில் கரைத்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக உருவகப்படுத்தியது. நிஜ வேகத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் 'இந்தக் குறியெண் என்ன செய்யும்' என்ற சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல அதுவே நீதிபதி.

இந்தக் கதையின் சுவையான முடிச்சு, பழைய இயந்திரத்தைத் தாங்கும் பலகையின் வம்சத்தில் இருக்கிறது.

1983இல் ஏகார்ன் நிறுவனம் பிபிசி மைக்ரோவுக்கு அடுத்த கணினிக்குச் செயலி தேடியது. சந்தையில் இருந்த எதுவும் பிடிக்கவில்லை. நாமே செய்தால் என்ன என்று இறங்கியவர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். வில்சன் பிபிசி பேசிக் மொழியை எழுதியவர்; ஃபர்பர் பிபிசி மைக்ரோவின் வன்பொருளில் பங்குள்ளவர். புதிய செயலியின் கட்டளைத் தொகுப்பை வில்சன் முதலில் பிபிசி மைக்ரோவில், பேசிக் மொழியில் உருவகப்படுத்திப் பார்த்தார். ஃபர்பர் செயலியின் உள்ளமைப்பு முழுவதையும் 808 வரி பேசிக் நிரலாக எழுதினார். அதாவது ஏஆர்எம் என்ற செயலி சிலிக்கானில் பிறக்கும் முன்பே பிபிசி மைக்ரோவுக்குள் எமுலேட்டராக வாழ்ந்திருக்கிறது. 1985 ஏப்ரல் 26 அன்று வந்த முதல் சில்லைச் சோதித்ததும் பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று அம்மீட்டர் வைத்துப் பார்த்த ஃபர்பருக்கு பூஜ்யம் காட்டியது. பலகையில் ஏதோ பழுதால் செயலிக்கு மின்னிணைப்பே போகவில்லை. பக்கத்துச் சுற்றுகளின் சமிக்ஞைக் கம்பிகள் வழியே கசிந்த மின்சாரத்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது!

அந்தச் சிக்கனம்தான் ஏஆர்எம் குடும்பத்தைப் பிற்பாடு செல்போன்களுக்குள் கொண்டு சேர்த்தது. செல்போன் வகைச் சில்லு ஒன்றை வைத்து மாணவர்களுக்கு மலிவான கணினி செய்யலாம் என்று கேம்பிரிட்ஜில் எபன் அப்டன் கிளம்பினார். சிறுவயதில் பிபிசி மைக்ரோவில் நிரல் எழுதி வளர்ந்தவர். கூட நின்ற நிறுவனர்களில் ஒருவர் 'எலைட்' எழுதிய அதே டேவிட் பிரேபன். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. பிபிசி மைக்ரோவைப் போலவே மாடல் ஏ, மாடல் பி என்று பெயரிட்டார்கள். அதன் 700 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் செயலி, பழைய 6502இன் ஒவ்வொரு துடிப்புக்கும் தான் 350 துடிப்பு துடித்தது. நினைவகம் 8,192 மடங்கு. பாட்டியை மடியில் உட்காரவைத்துக்கொள்ளப் பேரனுக்குத் தாராளமாக இடமிருந்தது.

சிலர் இதையும் திருப்பிப் போட்டார்கள். பிபிசி மைக்ரோவின் அடியில் 'டியூப்' என்ற ஒரு இணைப்பான் உண்டு, இரண்டாவது செயலியைப் பொருத்துவதற்கு. முதல் ஏஆர்எம் சில்லைச் சோதித்ததும் அதில்தான். 'பைடியூப்டைரக்ட்' என்ற திட்டம் அந்த இணைப்பானில் ஒரு பையை மாட்டுகிறது. பழையது 5 வோல்ட், புதியது 3.3 வோல்ட், நடுவில் மின்னழுத்தம் மாற்றும் சிறு பலகை ஒன்று. பிறகு நாற்பது வயதுக் கணினி, தன் துணைச் செயலி நூறு மடங்குக்கும் மேலான வேகத்தில் பதில் சொல்வதைப் பார்த்துத் திகைக்கலாம்.

விலையும் இறங்கிக்கொண்டே போனது. 2015 நவம்பரில் 5 டாலர் பை ஸீரோ வந்தபோது, 'மேக்பை' இதழின் அட்டையில் இலவசமாகவே ஒட்டிக் கொடுத்தார்கள். 2021இல் வந்த பைக்கோ 4 டாலர். அதில் இயக்கமுறைமை கிடையாது. நினைவகம் வெறும் 264 கிலோபைட். அதற்குள்ளும் கிரஹாம் சாண்டர்சன் என்ற நிரலாளர் பிபிசி மைக்ரோவை நுழைத்துக் காட்டினார்.

பை வெளியான 2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு வேறு விதத்தில் நினைவிருக்கும். சென்னை தவிர்த்த மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு நிலவிய வருடம். பைக்கு மின்வெட்டு ஒத்துவராது: எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு கெட்டு, மறுநாள் துவங்காமல் போகலாம். பழைய பிபிசி மைக்ரோவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதன் நிரல் அழியாச் சில்லில் இருந்தது, சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். இதற்கு இரண்டு மாற்று உண்டு. கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டி, மாற்றங்களைத் தற்காலிக நினைவகத்தில் வைப்பது ஒன்று. லினக்ஸ் இயக்கமுறைமை இல்லாமல் எமுலேட்டரையே நேரடியாக இயக்குவது மற்றது. பை ஸீரோ சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்கும் குறைவாகவே இழுப்பதால், செல்போன் பவர் பேங்க் ஒன்று இருந்தால் மின்வெட்டைப் பற்றிய கவலையும் போய்விடும்.

பிபிசி மைக்ரோ பள்ளிக்கு வந்தது என்றால், வசதியுள்ள சில வீடுகளுக்கு வந்தது ஸ்பெக்ட்ரம். சின்க்ளேர் நிறுவனத்தின் அந்தக் கணினியை டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று 1986 முதல் 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்று இந்தியாவில் விற்றது. அதைப் பையில் ஓட்ட 'ஃபியூஸ்' என்ற இலவச எமுலேட்டர் போதும். சட்டச் சிக்கலும் குறைவு: சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கியிருந்த ஆம்ஸ்ட்ராட், ஸ்பெக்ட்ரத்தின் நிரல் படிமத்தை எமுலேட்டர்களோடு சேர்த்துத் தரலாம் என்று 1999இல் வெளிப்படையாக அனுமதித்தது. எல்லா நிறுவனங்களும் இவ்வளவு பெருந்தன்மையானவை அல்ல. விளையாட்டு நிறுவனங்கள் பல, முப்பது வருடம் விற்காத பண்டத்துக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும்.

இயந்திரம் பிழைத்துவிட்டது, அதற்கு எழுதப்பட்ட நிரல்கள்? அவை கிடப்பது கேசட்டில். பிபிசி மைக்ரோ சாதாரண டேப் ரிக்கார்டரிலேயே நிரலைச் சேமிக்கும். 0 என்ற பிட்டுக்கு 1,200 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்று, 1 என்ற பிட்டுக்கு 2,400 ஹெர்ட்ஸில் இரண்டு. நொடிக்கு 1,200 பிட். தொடக்க, முடிவுக் குறிகள் போக 120 பைட்டுதான் தேறும். 32 கிலோபைட்டை ஏற்ற நாலரை நிமிடம்.

இளையராஜா பாட்டுக் கேசட்டை ரிப்பேர் செய்து பழகிய கைகளுக்கு இந்தக் கேசட்டையும் மீட்கத் தெரியும். ஒலி மழுங்கியிருந்தால் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து ஹெட்டின் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்பி, கீச்சொலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். பைக்கு ஒலியை உள்வாங்கும் துளை கிடையாது என்பதால் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு தேவை. பதிவான ஒலியை மென்பொருள் அலையலையாக அளந்து பிட்டுகளாக்கி, 'யூஈஎஃப்' என்ற வடிவில் சேமிக்கும். நிரல் 256 பைட் துண்டுகளாகப் பதிந்திருக்கும். ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண். பூஞ்சை பிடித்த நாடாவில் எந்தத் துண்டு கெட்டது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், பத்தில் ஒரு தடவை எண் பொருந்திவிடுவதும் உண்டு. கிளாஸ் திட்டப் பள்ளிகளின் அலமாரிகளில் அப்படிப்பட்ட நாடாவோ ஃப்ளாப்பியோ மிஞ்சியிருந்தால், எலிக்கும் ஈரத்துக்கும் முந்திக்கொள்ள வேண்டியது அவசியம். யூனிகார்ன் இயந்திரம் பிபிசி மைக்ரோவின் உடன்பிறப்பு என்பதால் பிரிட்டிஷ்காரர்கள் அதைக் காப்பாற்றிவிட்டார்கள். இந்திய ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதிய நிரல்களை வேறு யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை.

பெரிய இயந்திரங்களுக்கும் இதே கதி, இதே வழி. சென்னை ஐஐடிக்கு ஜெர்மனியின் உதவியாக வந்த ஐபிஎம் 370/155 கணினி 1973இல் இயங்கத் தொடங்கியது. குளிரூட்டிய கூடம், துளையிட்ட அட்டைக் கட்டுகளோடு வரிசையில் நிற்கும் ஆய்வாளர்கள் என்று ஒரு காலம். அந்த 370 குடும்பத்தை எமுலேட் செய்ய ரோஜர் பவுலர் 1999இல் 'ஹெர்குலிஸ்' என்ற மென்பொருளைத் தொடங்கினார். இன்று அது பையில் ஓடுகிறது, அதுவும் மூல இயந்திரத்தைவிட வேகமாக. அட்டை படிக்கும் கருவிக்குப் பதிலாக வரிக்கு 80 எழுத்துக் கொண்ட ஒரு சாதாரண உரைக்கோப்பு. 80 என்ற எண் அட்டையின் பத்திகளிலிருந்து வந்தது. அட்டைக்கட்டு கைதவறிக் கொட்டி வரிசை குலைந்துபோகும் அனுபவத்தை மட்டும் ஹெர்குலிஸால் தர முடியாது.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இந்தியர்களே கட்டி 1960இல் முழுமையாக்கிய டிஃப்ராக் கணினியை எமுலேட் செய்வது இன்னும் எளிய வேலை. 40 பிட் கொண்ட சொற்கள் 2,048. மொத்தம் பத்துக் கிலோபைட். 4 டாலர் பைக்கோவின் நினைவகத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது. எமுலேட்டர் எழுதத் தேவை இரண்டே: கட்டளைகளைத் துல்லியமாக விளக்கும் கையேடு, அந்தக் காலத்தில் ஓட்டிய உண்மையான நிரல் சில. கையேடு இல்லாத எமுலேட்டர் யூகம். நிரல் இல்லாத எமுலேட்டர் காலி வீடு.

இதெல்லாம் பொழுதுபோக்கு, காசுக்கு ஆகாது என்று சொல்பவர்களை அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலைக்கு அழைத்துப் போகலாம். லாரி இருக்கும் ஊரில் எடைமேடை இருக்கும். எடைமேடையின் அடியிலுள்ள லோட் செல்கள் காட்டும் எடையை இண்டிகேட்டர் பெட்டி சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு எழுத்துகளாக அனுப்புகிறது. அதை வாங்கி, வண்டி எண்ணையும் சரக்கையும் சேர்த்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு அடித்துத் தரும் நிரல்கள் ஒரு காலத்தில் டாஸ் இயக்கமுறைமைக்கு, ஃபாக்ஸ்ப்ரோ போன்ற மொழிகளில் எழுதப்பட்டவை. நிரல் எழுதியவர் எங்கேயோ போய்விட்டார். நிரல் ஓடுகிறது. அதை ஓட்டும் கணினியின் மதர்போர்டு போனால்தான் தலைவலி. அதே வகைப் போர்டு புதிதாகக் கிடைக்காது.

'டாஸ்பாக்ஸ்' என்ற எமுலேட்டர் பையில் இந்த இடத்தை நிரப்பும். இன்டெல் செயலியின் கட்டளைகளை ஏஆர்எம் கட்டளைகளாக மொழிபெயர்த்து ஓட்டுகிறது. யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் ஒன்றைச் செருகி, அதுதான் பழைய முதலாவது சீரியல் போர்ட் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால், உள்ளே ஓடும் நிரலுக்கு வித்தியாசமே தெரியாது. அச்சுக்கு 'டாஸ்பாக்ஸ்-எக்ஸ்' என்ற அதன் கிளைவகை இன்னும் வசதி. அச்சிட அனுப்பியதைக் கோப்பாகவும் பிடித்துத் தரும். ஒரு விஷயத்தில் மட்டும் கண் வேண்டும். பெரும்பாலான பை பலகைகளில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத எடைமேடையில் மின்சாரம் போய் வந்தால் அது நாளையும் நேரத்தையும் தவறாகப் போட்டுச் சீட்டு அடிக்கும், லாரிக்காரருக்கும் ஆலைக்கும் வழக்கு வரும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் கடிகார மாட்யூல் ஒன்றைப் பொருத்துவது கட்டாயம்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அதே ஆண்டில்தான் விண்டோஸ் 95 வெளியானது. யூனிகோடு பரவாத அந்த ஆண்டுகளில் தமிழ்க் கோப்புகள் எல்லாம் எழுத்துருவை நம்பியே வாழ்ந்தன. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் அவை. நிறுவனத்துக்கு ஒரு வரிசை. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்த பிறகும், 2010இல் யூனிகோடுக்கு மாறச் சொன்ன பிறகும், அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துரு நெடுங்காலம் நிலைத்தது. அப்படித் தட்டச்சு செய்த ஒரு கோப்பை இன்றைய கணினியில் எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த கூளம்தான் தெரியும்.

குறியீடு மாற்றும் நிரல்கள் நிறைய உண்டு. வாசகத்தை மீட்க அவை போதும். அட்டவணை எப்படி அமைந்திருந்தது, எந்த வரி எந்தப் பக்கத்தில் முடிந்தது, ஓரக் குறிப்பு எங்கே இருந்தது என்பதெல்லாம் வேண்டுமானால் கோப்பைப் பிறந்த வீட்டிலேயே பார்க்க வேண்டும். பை 4, பை 5 பலகைகளில் டாஸ்பாக்ஸ்-எக்ஸுக்குள் விண்டோஸ் 95ஐ நிறுவலாம். துவங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்றாலும் ஓடும். பழைய சொற்செயலியையும் அதே எழுத்துருவையும் அதற்குள் வைத்தால் பக்கம் அன்று இருந்தபடியே திறக்கும். இந்த வேலை தெரிந்தவர்கள் பழைய கணினியைக் கண்டால் தனிக் கோப்பைப் பென் டிரைவில் கேட்பதில்லை. எழுத்துரு எந்த அடைவில் ஒளிந்திருக்கிறது, நிரலின் அமைப்பு எங்கே பதிந்திருக்கிறது என்று தேடி நேரத்தை வீணாக்காமல், ஹார்டு டிஸ்கைக் கழற்றி, முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை ஒரே படிமமாக எடுத்துவிடுகிறார்கள். அந்த நாளைய டிஸ்க் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஜிபிக்குள்தான் இருக்கும். பையின் எஸ்டி கார்டில் அப்படிப்பட்ட படிமங்கள் பத்துப் பதினைந்து பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம்.